மாமன் சீரும் என் இடது காலும்

வைகாசி மாதத்தில் என் இடது காலின் கெண்டைச் சதை நூற்று எண்பத்து நான்காவது அடியில் பிடித்துக்கொண்டது. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. ஒன்பது நாள் தொடர்ந்து எண்ணிப் பார்த்தேன். குறைந்தது நூற்று எழுபத்தொன்பது, கூடியது நூற்று எண்பத்தெட்டு. ஈரத் துணியைப் பிழிவது போல உள்ளே முறுக்கும். அப்படியே நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் மறுபடி அதே கணக்கில் வந்து பிடிக்கும்.

எண்ணுவது தொழில் கொடுத்த பழக்கம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் முப்பத்தொன்பது வருடம் கெமிஸ்டாக இருந்தேன். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். குச்சியின் தலைக்கு மருந்து கலப்பது என் பொறுப்பு. பெட்டிக்குள் எத்தனை குச்சி இருக்கிறது என்று சோதிப்பதும் என் பொறுப்பு. ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிவிட்டது, பழக்கம் ஓய்வு பெறவில்லை. மாடிப்படிகள், பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறியவர்கள், வத்தலோடு காயப் போட்ட அப்பளங்கள் என்று எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன். "அப்பளம் எண்ணுத ஆம்பிளையை நான் உங்ககிட்டதான் பாக்கேன்" என்பாள் மனைவி.

காலைப் பற்றிச் சொன்னபோது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வாயுப் பிடிப்பா இருக்கும். வெந்நி ஒத்தடம் குடுத்தா ஓடிரும்." பத்து நாள் ஒத்தடம் கொடுத்தேன். வாயு ஓடியதோ என்னவோ, கால் தன் கணக்கை மாற்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு ஒரே மகள். ஆவணியில் கல்யாணம், கோவில்பட்டி மண்டபத்தில்.

"அண்ணே, மாமன் சீரு முதல் தட்டு நீங்கதான் தூக்குதீங்க. பிள்ளையார் கோயில்லருந்து மண்டபம் வரைக்கும். நடுவுல யார் கையிலயும் குடுத்துரப்பிடாது. சொல்லிட்டேன்."

"எனக்குத் தெரியாதாட்டி?"

"தெரியும். இருந்தாலும் சொல்லுதேன்."

அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வகையறாவில் பெண்ணின் தாய்மாமன் பட்டும் மாலையும் தேங்காயும் வைத்த முதல் தட்டைத் தன் கையால் ஏந்திக்கொண்டு கோயிலிலிருந்து மண்டபத்துக்கு நடக்க வேண்டும். முன்னால் மேளம் போகும், பின்னால் மற்றத் தட்டுகள் வரும். முதல் தட்டு தரையைத் தொடக் கூடாது, கை மாறக் கூடாது. தங்கையின் கல்யாணத்தில் அது கை மாறிவிட்டது. எங்கள் மாமா பாதி வழியில் வெயில் தாங்காமல் நின்றார். நின்றதுதான் தாமதம், நாலு பேர் ஓடி வந்து உதவி செய்கிறோம் என்று தட்டை வாங்கிக்கொண்டார்கள். தங்கை வீட்டுக்காரரின் அக்காள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாத்தனார் இன்று வரை அதை விடவில்லை. குழம்பில் உப்புக் கூடினாலும், மாடு பால் குறைத்தாலும், "கைமாறி வந்த சீருதானே!" முப்பத்தொரு வருடம் என் தங்கை அதைக் கேட்டுவிட்டாள். தன் மகளைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவளை பஸ் ஏற்றிவிட்டுக் கோயிலுக்கும் மண்டபத்துக்கும் இடையே எண்ணிப் பார்த்தேன். அறுநூற்று நாற்பத்திரண்டு அடி. நடுவில் மூன்று இடத்தில் நின்றேன். மூன்று இடத்திலும் யாராவது வந்து "என்ன அண்ணாச்சி, முடியலியா?" என்று கேட்டார்கள். கையில் தட்டு இருந்திருந்தால் மூன்று முறை கை மாறியிருக்கும்.

மறுநாளே மனைவி என்னை டாக்டரிடம் கூட்டிப் போனாள். டாக்டர் எட்டயபுரத்துப் பெண். பெரிய படிப்பு படித்தும் ஊர்ப் பேச்சை விடாதவர். கையில் ரத்த அழுத்தம் பார்த்தார், கணுக்காலிலும் பார்த்தார். "கையில இருக்கிற அழுத்தம் கால்ல இல்லை ஐயா. கால் ரத்தக்குழாய் உள்ளுக்குள்ள சுருங்கியிருக்கு. சுகர் உண்டா?"

"பதினாலு வருஷமா உண்டு. ஆனா கன்ட்ரோல்" என்று நோட்டை நீட்டினேன். தேதி வாரியாக அறுபத்தெட்டு பரிசோதனை. ஒன்றில்கூட எல்லை தாண்டியதில்லை. எனக்கு அந்த நோட்டின் மேல் பெருமை உண்டு.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ரொம்ப நல்லால்லா இருக்கு" என்றார். அவர் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ரத்தம் எடுத்து மூன்று மாதச் சர்க்கரை பார்க்கும் பரிசோதனைக்கு அனுப்பினார். அதுவரை நான் செய்துகொள்ளாத பரிசோதனை. மறுநாள் போனால் பத்து புள்ளி நான்கு. ஏழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது.

"நோட்டுல உள்ள கணக்கும் ரத்தத்துல உள்ள கணக்கும் ஒத்துப்போகலியே ஐயா?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் மனைவி திறந்துவிட்டாள். "இவிய மூணு நாளைக்குத்தான் யோக்கியம் டாக்டரம்மா. டெஸ்ட்டுக்கு மூணு நாள் முன்னாடி கம்பங்கூழு, அவரைக்காய், ராத்திரிப் பட்டினி. ரத்தம் குடுத்த கையோட நேரா மிட்டாய்க்கடை. பதினாலு வருஷமா நானும் பாக்கேன்."

"கருப்பட்டி மிட்டாய்தான் டாக்டர். சீனி இல்ல" என்றேன்.

"ஐயா கெமிஸ்ட்டு. கருப்பட்டியில என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

எங்கள் ஊரில் பாதிப் பேர் கருப்பட்டியைச் சர்க்கரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பனை கொடுத்தது, அதனால் மருந்து. நானும் நாளைக்கு மூன்று கருப்பட்டிக் காப்பியை அந்த நம்பிக்கையில்தான் குடித்துவந்தேன். தீக்குச்சி மருந்தில் ஒரு கிராம் கூடினால் சத்தம் போட்டவன், தம்ளருக்குள் விழுவதை எடை போடவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "மூணு நாள் வாயைக் கட்டினா அன்னைக்கு ரத்தத்துல ஓடுற சீனி குறையும். ஏற்கனவே ஒட்டின சீனி போகாது. சிவப்பணுவுக்குள்ள இருக்கிற புரதத்துல ஒட்டினது அந்த அணு சாகிற வரைக்கும், மூணு நாலு மாசம், கூடவே இருக்கும். அதைத்தான் இந்த டெஸ்ட்டு பாக்குது. ரத்தக்குழாய்ச் சுவர்ல இருக்கிற புரதம் இன்னும் மோசம். அது வருஷக்கணக்கா மாறாம இருக்கும். கொலாஜன்னு பேரு."

"வஜ்ரம்" என்றேன்.

"என்னது?"

தச்சர்கள் பலகை ஒட்டுகிற வஜ்ரப் பசை தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. அதுவும் கொலாஜன்தான். தீக்குச்சியின் தலையில் மருந்தைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பசை. முப்பத்தொன்பது வருடம் அதன் வாசனையில் நின்றிருக்கிறேன். என் காலுக்குள்ளும் அதுதான் இருக்கிறது என்று கேட்டதும், வெகு நாள் கழித்து ஆபீஸ் ஆளைச் சந்தித்தது போல இருந்தது.

இதைச் சொன்னதும் டாக்டருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "நல்லதாப் போச்சு! அந்த வஜ்ரத்துல சீனி ஒட்டி, உடம்புச் சூட்டுல வருஷக்கணக்கா இருந்தா என்ன ஆகும்? தோசை முறுகுத மாதிரிதான், ஆனா நிதானமா. பழுப்பேறி, ஒரு இழையை இன்னொரு இழையோட கட்டிப்போட்டுரும். குழாய் விரியாது, விறைச்சுப்போகும்."

"சரி, விறைக்கி. அடைக்கது யாரு?"

"உங்க ஆளுகதான். வெள்ளையணுவுல ஒரு வகை உண்டு. கெட்டது கிடந்தா விழுங்கிச் சுத்தம் பண்ணுறது அதுக்கு வேலை. சீனி ஒட்டிக் கெட்டுப்போன புரதம் நம்ம வீட்டுச் சாமான்தான்னு அதுக்குத் தெரியாது. கள்ளன் புகுந்துட்டான்னு கூப்பாடு போடும். கூப்பாடு கேட்டு இன்னும் பத்து வரும். எல்லாம் குழாய்ச் சுவருக்குள்ள போய் உக்காந்து, அங்க கெட்டுக் கிடக்கிற கொழுப்பையும் சேத்து விழுங்கி, நுரை மாதிரி ஊதிப்போயிரும். அப்புறம் வெளிய வர முடியாது."

மனைவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பந்தியில உக்காந்தவன் வயிறு முட்டத் தின்னுட்டு, எந்திரிக்க மாட்டாம அங்கனயே படுத்துக்கிட்ட மாதிரியா?"

"அதேதாம்மா. அவனைத் தூக்க வந்தவனும் ஒரு இலையைப் போட்டு உக்காந்துருவான். அந்த மேடுதான் அடைப்பு."

"அப்ப பதினாலு வருஷமா இலை போட்டவிய இவியதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எத்தனை பேர் படுத்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றியது.

சீனி மட்டுமே காரணம் இல்லை, வயதும் கொழுப்பும் அழுத்தமும் கூட்டாளிகள் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதினார். நல்ல செருப்புப் போட வேண்டும், தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், சின்னப் புண் என்றாலும் வர வேண்டும். குழாய்க்குள் பலூன் விட்டு விரிக்கிற வைத்தியம் உண்டு, அது கடைசியில். "முதல்ல நடங்க. வலிக்கிற வரைக்கும் நடங்க, நில்லுங்க, வலி போனதும் மறுபடி நடங்க. தினம் முக்கால் மணி நேரம். கால் பழகிக்கிடும்."

"ஆவணிக்குள்ள அறுநூத்தி நாப்பத்திரெண்டு அடி வருமா?" என்று கேட்டுச் சீர் விஷயத்தையும் சொன்னேன்.

"எத்தனை நாள் இருக்கு?"

"தொண்ணூத்தி மூணு."

"வந்தாலும் வரும். ஆனா நோட்டை ஏமாத்தாதீங்க."

மறுநாள் காலை ஊருக்குக் கிழக்கே போகிற ரோட்டில் தொடங்கினோம். தொடங்கினோம் என்று சொல்வதற்குக் காரணம், மனைவி என்னைத் தனியாக விட மறுத்துவிட்டாள். இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், மழைக்குக் காத்துக் கிடந்தது. முதல் நாள் முக்கால் மணி நேரத்தில் பதினோரு முறை நின்றேன். நாற்பத்தாறு வருடத்தில் அவள் எனக்கு முன்னால் நடந்தது அன்றைக்குத்தான். நான் நிற்க நிற்க அவள் போய்க்கொண்டே இருப்பாள். அடுத்த கரண்டுக் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, "என்ன, வண்டி வருதா, பஞ்சரா?" என்று கத்துவாள். மேயப்போகும் ஆடுகள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்.

"வருதேன், வருதேன். நூத்தித் தொண்ணூறு!"

"நேத்தும் நூத்தித் தொண்ணூறுதான். எண்ணாம நடந்தா இருநூறு போகலாம்!"

ஆனி பிறந்தபோது இருநூற்று இருபது ஆனது. ஆனி முடியும்போது முந்நூறு. ஆடிக் காற்று எதிரில் அடித்த நாட்களில் நாற்பது ஐம்பது குறையும். அதைத் தனிப் பத்தியில் எழுதினேன். காப்பியில் கருப்பட்டி போனது. முதல் வாரம் அது பாத்திரம் கழுவிய தண்ணீர் போல இருந்தது. நாலாவது வாரம் காப்பிக்கென்று ஒரு வாசனை இருப்பது தெரிந்தது. அதுவரை கருப்பட்டியைத்தான் காப்பி என்று நினைத்திருந்தேன் போல. மிட்டாய்க்கடை வழியாகவே திரும்பி வருவோம். கடைக்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, நம்ம மேல எதுவும் கோவமா?" என்று கேட்டார்.

"கோவம் இல்ல. அவியளுக்கு ஒரு கல்யாணச் சோலி இருக்கு" என்றாள் மனைவி.

அந்த நடையில் நாங்கள் பேசியதெல்லாம் உருப்படியான பேச்சு இல்லை. யார் வீட்டுப் புது வாசல்படி கோணலாக இருக்கிறது, எந்த வேலியில் கோவைக்காய் காய்த்திருக்கிறது, இதுதான். ஆனால் ஒரு காலை அவள் வராமல் போனால் அன்றைக்கு எண்ணிக்கை இருபது அடியாவது குறைந்தது. நோட்டில் இருக்கிறது.

ஆவணி பிறந்தது. நானூற்று அறுபது, நானூற்றுத் தொண்ணூறு. அங்கே போய்க் கால் நின்றுவிட்டது. எண்பத்தெட்டாம் நாள் ஐந்நூற்று ஐந்து. தொண்ணூற்றிரண்டாம் நாள் ஐந்நூற்றுப் பதினொன்று. நூற்று முப்பத்தொரு அடி குறைகிறது. சீரை வேறு கோயிலிலிருந்து கொண்டுவரலாமா என்று கேட்டேன். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தங்கை வீட்டுக்காரரிடம் முதலிலேயே கொடுத்துவிடலாமா என்றும் கேட்டேன்.

"பேசாம இருங்க. மிச்ச நூத்தி முப்பத்தொண்ணை நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் மனைவி.

"எப்படிப் பாப்ப? என்னையத் தூக்கிட்டுப் போவியா?"

"தூக்குத எடையா நீங்க?"

கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று காலை பிள்ளையார் கோயிலில் தட்டை வாங்கினேன். பின்னால் ஐம்பது தட்டு. முன்னால் நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு. நான் முதல் அடி வைத்ததும் தங்கையின் நாத்தனார் பட்டுச் சேலை சரசரக்க என் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள்.

"அத்தான், தட்டு கனம்னா கூச்சப்படாமச் சொல்லுங்க. வாங்குததுக்கு ஆளு நிக்கி."

"கனம் இல்ல தாயி."

"உங்க குடும்பத்துல கனம் தாங்குத பழக்கம் கம்மி. அதுக்காகச் சொல்லுதேன்."

நான் எண்ணிக்கொண்டு போனேன். இருநூறு. முந்நூறு. வேகமும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. முந்நூற்று அறுபதில், மூன்று மாதத்துக்கு முன் இரண்டாவது தடவை நின்ற இடத்தைக் கால் ஒன்றும் சொல்லாமல் தாண்டியது. நானூற்று இருபதில் கெண்டைச் சதையில் சூடு ஏறியது. தட்டு ஏந்தி நடப்பது வேறு நடை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. நானூற்று ஐம்பதில் முறுக்கத் தொடங்கியது. இன்னும் இருபது, இன்னும் முப்பது என்று பல்லைக் கடித்தேன். என் மூச்சு மாறியது நாத்தனாருக்குக் கேட்டிருக்க வேண்டும். அவள் இரண்டு கையையும் இடுப்பிலிருந்து எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டாள்.

நானூற்று எழுபத்தாறில், மின்சார டிரான்ஸ்பார்மருக்கு எதிரே, மேளம் நின்றது. நாதஸ்வரக்காரர் திரும்பி நின்று தவில்காரரைப் பார்த்து ஒரு சீண்டல் வாசித்தார். தவில் அதற்குப் பதில் சொன்னது. கூட்டம் வட்டம் போட்டது. முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம்கூட இல்லை, இங்கே என்ன வாசிப்பு என்று எனக்கு எரிச்சல் பொங்கியது. சத்தம் போடத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நாதஸ்வரம் இன்னொரு துண்டு வீச, தவில் அதைத் துவைத்துப் போட, மாப்பிள்ளை வீட்டு இளைஞர்கள் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஆட இறங்கிவிட்டார்கள். நாத்தனார் என்னை மறந்தாள், தட்டை மறந்தாள். ஆட்களை விலக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போய்த் தொடையில் தாளம் போட்டாள்.

ஊர்வலமே நின்றுவிட்டது. அதனால் நான் நின்றது யார் கண்ணிலும் படவில்லை. கால் முறுக்கு ஒவ்வொரு இழையாக அவிழ்ந்தது.

அப்போதுதான் மனைவியைப் பார்த்தேன். வட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். எல்லாரும் தவிலைப் பார்க்க, அவள் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து புருவத்தால் கேட்டாள். நான் தலையசைத்தேன். அவள் நாதஸ்வரக்காரரைப் பார்த்து முகவாயைத் தூக்கினாள். தவில் ஒரு தீர்மானம் வைத்து முடித்தது. மேளம் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன், புதுக் காலோடு, ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு.

மண்டப வாசலில் தங்கை கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தட்டைப் பிடித்தாள். நான் விடவில்லை.

"விடுங்கண்ணே. வாங்கிட்டேன். விடுங்க."

அவள் கண் நிறைந்திருந்தது. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நாத்தனாரைப் பார்த்து, "பாத்துக்கிட்டீயளா மதினி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பாத்தேன், பாத்தேன். மேளம் பிரமாதம்" என்றாள் நாத்தனார்.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாயசத்தை என் இலையிலிருந்து தன் இலைக்கு மாற்றிக்கொண்டே மனைவி விவரம் சொன்னாள். முதல் நாளே மேளக்காரர்களைப் பார்த்து, டிரான்ஸ்பார்மர் வந்ததும் நிறுத்த வேண்டும், தான் சைகை காட்டும் வரை விடாமல் வாசிக்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறாள். "அதுக்கு மேல போனா உங்க மூஞ்சி கோணும். மூணு மாசமாக் கம்பத்துல சாஞ்சு அதைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்?"

அடுத்த வாரம் மூன்று மாதச் சர்க்கரை ஏழு புள்ளி மூன்று. முறுகியது முறுகியதுதான், புதிதாக முறுக விடாதீர்கள் என்றார் டாக்டர். நடையை விடவில்லை. கார்த்திகையில் அறுநூற்று எண்பதைத் தொட்டேன்.

தை மாதம் நாத்தனாரின் சொந்தப் பேத்திக்குக் கல்யாணம். அதே கோயில், அதே மண்டபம், அதே மேளம். தட்டு தூக்கிய தாய்மாமனுக்கு முப்பது வயது இருக்கும். காளை மாதிரி வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். மேளமும் டிரான்ஸ்பார்மரைக் கடந்து பத்தடி போய்விட்டது. பின்னாலிருந்து நாத்தனார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏய், நில்லுங்க, நில்லுங்க! எங்க போறீய? மாமன் சீரு இங்கன நின்னு வாசிச்சுட்டுல்லா போகணும்! எங்க வழக்கம் தெரியாதா?"

மேளக்காரர்கள் திரும்பி வந்தார்கள். தட்டோடு அந்த மாமன் ஒன்றும் புரியாமல் நின்றார். நாதஸ்வரக்காரர் என் மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்து சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "இதென்ன புது வழக்கம்?" என்று கேட்டார். நாத்தனார் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துவிட்டாள்.

"புதுசா? அந்தா அத்தான் நிக்காரு, அவர்கிட்டக் கேளுங்க. சொல்லுங்க அத்தான், இந்த வழக்கம் உண்டா இல்லையா?"

"உண்டு" என்றேன்.

தவில் ஆரம்பித்தது.